காட்டுமாட்டைப் பாருங்க, அண்ணே!

இந்தப் பழனி மலைப் பக்கத்தில் மனிதர்களின் கண்ணுக்கு அதிகத் தொல்லை கொடுப்பது மூடுபனிதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பைப்பு வந்த பிறகு மூடுபனி இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது.

எங்கள் பண்ணைக்காட்டில் ஒற்றை அறையில் ஒரு கண் கிளினிக். டாக்டர் வாரம் ஒரு நாள் கீழேயிருந்து வருவார். மீதி ஆறு நாளும் அங்கே பைப்புதான் ராஜா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஆனால் கையில் ஒரு சாண் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயோடு வேலைக்கு வந்து சேர்ந்தவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

அந்தக் குழாய்தான் அவருடைய கேமரா. கண்ணுக்குள்ளே பின்பக்கம் ஒரு திரை இருக்கிறதாம். சுகர்க்காரர்களுக்கு அங்கே ரத்தம் கசிந்தால் பார்வை போய்விடுமாம். அதைப் படம் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பீரோ மாதிரி ஒரு மெஷின் வைத்திருப்பார்கள். எங்கள் கிளினிக்கில் பீரோவே கிடையாது. பைப்பு என்ன செய்தார்? குழாயின் உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். ஒரு முனையில் தன் செல்போனை சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார். மறு முனையில் ஒரு லென்ஸைச் செருகினார். தாடையை வைக்க உடைந்த தையல் மிஷின் ஸ்டாண்டு. தலையை இழுத்துக் கட்ட ஸ்கூல் பையின் வார். இதில் கடையில் முறையாக வாங்கியது லென்ஸ் ஒன்றுதான். அதைப் பஞ்சு சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்திருந்தார். ஒரு நாள் பாக்ஸ் மாறிப்போய், டாக்டர் முன்னால் பயபக்தியோடு எலுமிச்சம் சாதத்தைத் திறந்து நீட்டினார்.

பழகிப் பார்க்க அவருக்குக் கண்கள் தேவைப்பட்டன. மனிதர்கள் சம்மதிக்காததால் கறிக்கடைக்குப் போனார்.

“ஒரு ஜோடி ஆட்டுக் கண்ணு குடுங்கண்ணே.”

“வறுக்கவாலே, கொழம்புக்கா?”

“போட்டோ எடுக்க.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ஏலே பைப்பு, வெள்ளனேயே வெட்டியாச்சுல்ல. இனிமே அதுக்குக் கண்ணு தெரிஞ்சு என்னத்தப் பாக்கப் போகுது?”

படம் எடுக்கும் முன் கண்ணில் சொட்டு மருந்து விடுவார். அப்புறம் நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கல். தாண்டிக்குடிக்குப் போக வேண்டிய ஒருவர் அந்த மங்கலில் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி, ஏரிக்கரையில் இறங்கி, “நம்மூர்ல எப்ப இம்புட்டுப் பெரிய ஏரி வெட்டுனாய்ங்க?” என்று விசாரித்தாராம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே திரிந்த எனக்கும் ஒரு நாள் வந்தது. எனக்குச் சுகர் வந்து பல வருஷம். போன வருஷம் வலது கண்ணில் கறுப்பு நூல் ஒன்று மிதக்க ஆரம்பித்தது. திருநீற்றைப் பூசிக்கொண்டு பேசாமல் இருந்தேன். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நடந்துபோய் மலையேறி முருகனைப் பார்க்கிறவன் நான். கண் போய்விட்டால் ஏறி என்னத்தைப் பார்ப்பது? அந்தப் பயத்தில்தான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னங்க, சோத்துல இல்லாத முடியைத் தெனமும் தேடித் தேடி எடுக்குறீங்களே, என்ன சங்கதி?”

மறுநாளே என்னைப் பைப்பின் தையல் மிஷின் ஸ்டாண்டில் தாடையை வைக்கச் செய்துவிட்டாள்.

“அண்ணே, வலது கண்ணைப் படம் எடுப்பேன். இடது கண்ணால நேரா செவுத்தைப் பாருங்க. அசையக் கூடாது.”

சுவரில் பழனியாண்டவர் படம் ஒட்டியிருந்தது. வெறும் புள்ளி வைத்தால் நம் ஜனங்களின் பார்வை அலையும், சாமியை வைத்தால் நகராது என்பது பைப்பின் யோசனை. நல்ல யோசனைதான். தண்டம் ஏந்தி நிற்கிற ஆண்டவனைப் பார்த்தேன். கைகள் தானாகக் குவிந்தன. கண்கள் தானாக மூடிக்கொண்டன. டிக்.

“அண்ணே, ரெப்பையைத்தான் எடுத்துருக்கேன். தொறங்க.”

திறந்தேன். எதிரே முருகன். மூடினேன். டிக்.

மூன்றாவது தடவை நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விழித்திருந்தபோது, குழாய்க்குள்ளிருந்து பக்திப் பாட்டு கிளம்பியது. போன் வந்திருக்கிறது. பைப்பு பதறிப்போய் எதையோ அழுத்த, அவர் வீட்டம்மாவின் குரல்: “எங்கிட்டுக் கெடக்கீங்க? வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க!” என் கண்ணுக்குள் தக்காளி கேட்ட முதல் மனுஷி அந்த அம்மாதான்.

பைப்பு சோர்ந்துபோய்ப் போனைத் திருப்பிக் காட்டினார். ஒரு மாதமாக எடுத்த படங்கள். பண்ணைக்காட்டின் ரெப்பைகள் பாதிக்குமேல் அதில் இருந்தன. சர்ச் தெருக்காரர்களுக்காக மாதா படமும் மாட்டிப் பார்த்தாராம். அவர்கள் கண்ணை மூடியதோடு நிற்காமல், சிலுவை போட்ட வேகத்தில் லென்ஸையும் தட்டிவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏப்பா, சாமியைக் கண்டா கண்ணு மூடத்தான் செய்யும். மூடாம இருக்கணும்னா காட்டுமாட்டைக் கொண்டாந்து மாட்டு!” என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டே நாளில் பைப்பு வீட்டு வாசலில் நின்றார். “அண்ணே, வெரசா வாங்க. மாட்டிட்டேன்.”

வீட்டுக்காரியோடு போனால் சுவரில் ஒரு காட்டுமாடு. பழைய காலண்டரிலிருந்து வெட்டியது. ராத்திரி எங்கள் வாழைக்குள் இறங்குகிற அதே மூஞ்சி, அதே கொம்பு, முட்டப் போகிற அதே நிற்பு.

“சாமி எங்கேப்பா?”

“உங்க முதுகுக்குப் பின்னால மாட்டிருக்கேன். அவரு உங்களைப் பாத்துக்குவாரு. நீங்க காட்டுமாட்டைப் பாருங்கண்ணே.”

பார்த்தேன். இந்த மலையில் பிறந்த எவன் காட்டுமாட்டுக்கு எதிரே கண்ணை மூடுவான்? இமை அசையவில்லை. டிக். முதல் படமே தெளிவு.

பைப்பு அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். மதுரைப் பெரிய டாக்டருக்குப் படத்தை அனுப்பினார். அரை மணி நேரத்தில் போன் வந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றார்களாம். வீட்டுக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அழாதீங்க மதினி. லேசர்னு ஒரு லைட்டு அடிப்பாங்க. அண்ணனுக்கு இருக்குற பார்வை போகாது” என்று சொல்லிவிட்டு, பைப்பு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த லென்ஸை ரொம்ப நேரம் துடைத்தார்.

பார்வை போகவில்லை. இப்போது கிளினிக்கில் நிஜ மெஷினே வந்துவிட்டது. பைப்பு தன் குழாயையும் காட்டுமாட்டையும் தூக்கிக்கொண்டு, பஸ் போகாத ஊர்களுக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருக்கிறார். அந்த ஊர்களின் கதி என்னவோ.

இந்தத் தைப்பூசத்துக்கும் நடந்துபோனேன். சந்நிதியில் அத்தனை பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மூடவில்லை. கண்ணீர் முட்டியபோதும் மூடவில்லை. எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: முருகா, அந்த ஜீப்பில் பைப்புக்குப் பின்னால் நீ இரு.