புல்லுக்குக் குலச் சான்றிதழ்

மலையில் வளரும் புல் யாவும் தத்தம் இனத்தை முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மேய்ச்சல்நிலத் தூய்மை அலுவலகம் ஆணை பிறப்பித்தது. புல்லுக்கு எழுதத் தெரியாது என்பதைப் பெருந்தன்மையோடு கருத்தில்கொண்டு, அங்கே ஆடு மேய்ப்பவரே கையெழுத்திடலாம் என்று சலுகையும் வழங்கியது.

தூய இனம் வளரும் சரிவில் குளிர்காலப் பட்டி போடலாம். கலப்பு என்றால் மூன்று வருடம் மேய்ச்சலுக்குத் தடை. ஆடு மேய்க்கும் தொல்கோர் என்பவளுக்கு இருந்தது ஒரே சரிவு, முந்நூறு ஆடு. பனி விழ இன்னும் நாற்பது நாள்தான்.

ஆய்வாளர் லுவ்சன் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் பூதக்கண்ணாடி, அளவுகோல், இரண்டு படம் போட்ட அட்டை. அட்டைப்படி தூய இனம் இரண்டே. உச்சியில் வளர்வதற்கு நிமிர்ந்த கதிர், உடம்பெல்லாம் ரோமம். அடிவாரத்துப் புல்லுக்கு வளைந்த கதிர், மொழுமொழு. இரண்டுக்கும் நடுவில் இருந்த தொல்கோரின் சரிவிலோ நிமிர்ந்து மொழுமொழுவென்று ஒன்று, வளைந்து ரோமத்தோடு ஒன்று, பாதி நிமிர்ந்து யோசித்துக்கொண்டிருப்பது ஒன்று. லுவ்சன் மதியம்வரை குப்புறப் படுத்து அளந்தார்.

"அக்கா, இது என்ன இனம்?"

"ஆடு திங்கிற இனம்."

"படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்ல."

"மேல உள்ளதும் கீழ உள்ளதும் ஒரே காத்துல பூக்குது தம்பி. கலந்துபோச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இப்படித்தான்."

"அனுமதி வாங்கிக் கலந்துச்சா?"

"காத்தைக் கூப்பிட்டுக் கேளுங்க. இந்நேரம் பக்கத்து மாவட்டம் போயிருக்கும்."

'காற்று: ஆஜராகவில்லை' என்று குறித்துக்கொண்டு, லுவ்சன் உண்மையான வருத்தத்தோடு 'கலப்பு' முத்திரையை மையில் தொட்டார்.

தொல்கோர் அவசரமாக உப்புத் தேநீரை நீட்டினாள். "முத்திரை எங்கயும் ஓடிறாது, குடிங்க. ஆமா, உங்க குலப்பேரு என்ன?"

"போர்ஜிகின்." நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "செங்கிஸ்கான் குலம்."

"எப்படித் தெரியும்?"

"அடையாள அட்டைல இருக்கே."

"அட்டைல எப்படி வந்துச்சு?"

லுவ்சன் தேநீரை ஊதினார். ஒரு காலத்தில் குலப்பேரே கூடாது என்ற அரசாங்கம், பின்னொரு நாள் எல்லோரும் உடனே எழுதித் தர வேண்டும் என்றது. யாருக்கும் நினைவில்லை. "அப்பா வரிசையில நின்னாரு. முன்னால நின்னவரு அதை எழுதினாரு. அப்பாவும் எழுதிட்டாரு."

"முன்னால நின்னது எங்கப்பாதான். அவரும் தனக்கு முன்னால நின்னவரைப் பார்த்துத்தான் எழுதினாரு. நம்ம ஊருல நாயைத் தவிர எல்லாரும் ராஜவம்சம். புல்லு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

லுவ்சனுக்கும் இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மேற்படி சரிவிலுள்ள புல் அனைத்தும், உரியவரின் வாக்குமூலத்தின் பேரில், உச்சிமலை உயர்குலத் தூய இனம் எனச் சான்றளிக்கப்பட்டது. பக்கத்துச் சரிவுக்காரன் தம்தின் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். அவனுக்குக் கலப்பு முத்திரை.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடாரத்தில் மாட்டினாள் தொல்கோர். பார்க்க வந்தவர்களுக்குப் புல்லைக் காட்டி, "மூஞ்சிலேயே களை தெரியுது பாருங்க" என்றாள். பத்தாம் நாள் மனுவோடு அலுவலகத்தில் லுவ்சன் முன்னால் நின்றாள்.

"தம்தின் புல்லு விதை பறந்து வந்து என் புல்லுல விழுது. வேலி போட்டுக் குடுங்க."

"வேலி போட்டாக் காத்து நிக்குமா அக்கா?"

"உயரமாப் போடுங்க."

போட்டார்கள். ஆட்டுப் புழுக்கையிலும் கண்ட விதை வரும் என்று ஆடுகளை அவளே வேலிக்கு வெளியே கட்டினாள்.

பனி விழுந்தது. தம்தினுக்குத் தன் சரிவில் மேய்க்கத்தான் தடை, அறுக்க இல்லை. அறுத்து உலர்த்திய புல்லை வண்டியில் கொண்டுவந்து அவள் ஆடுகளுக்குப் போட்டான். முந்நூறும் பாய்ந்து தின்றன.

"ஏக்கா, உன் புல்லு அத்தனையும் உள்ள சும்மாதானே நிக்குது?"

தொல்கோர் பதறிப்போனாள். "மெதுவாப் பேசுடா! அதைப் போயி ஆட்டுக்குப் போடறதா?"