அயர்ன் மாஸ்டர் போட்ட பாட்டு

"அயர்ன் பண்ணுனீங்களா? கேசட்டையா?"

"கேசட்ட இல்ல பாரதி, உள்ள இருக்கற நாடாவ. டேப்பு முழுங்கிக் கசக்கிப்போடுச்சு. மேல பனியன் துணி போட்டுத்தான் தேய்ச்சேன்."

ஜெயபாரதி கணவனின் உள்ளங்கையைப் பார்த்தாள். கருகிப்போன ரிப்பன் பக்கோடா மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. முருகவேல் பதினெட்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். எது கசங்கினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"சும்மா உட்டிருந்தா பாதிப் பாட்டாச்சும் மிஞ்சியிருக்குமுங்க. டேனியல் அண்ணன் பதினோரு மணிக்கு வந்துருவாங்களே."

அதுதான் பிரச்சினை. கேசட் டேனியலுடையது. இருபது வருடத்துக்கு முன், அவரும் முருகவேலும் ஒரே ரூமில் தங்கியிருந்தபோது, பிடித்த பாட்டுகளை நோட்டுத்தாளில் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிவு செய்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டும் டேனியல் இப்போது குன்னத்தூரில் குடியிருந்தார். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, சர்ச் முடிந்ததும், மனைவி பிரிசில்லாவோடு வந்துவிடுவார். எதிரெதிரே உட்கார்ந்து பாட்டு, அப்புறம் கறிச்சோறு. ஒரு மாதம்கூடத் தப்பியதில்லை. போன தடவை, "நீயே வெச்சுக் கேளு மாப்ளே" என்று கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

முருகவேல் சிடி கடைக்கு ஓடினார். கேசட் அட்டையிலிருந்த வரிசைப்படியே பாட்டுகளை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தார். திட்டம் சுலபம். கூடத்தில் டேப்புக்குள் ஒரு காலி கேசட் சும்மா சுற்றும். உள் அறையில் டிவியோடு சேர்ந்த சிடி பிளேயர் பாடும். ரிமோட் பாரதி கையில்.

"மாட்டுனா என்னையச் சொல்லக் கூடாதுங்க."

"நீ பட்டனை மட்டும் அமுக்கு சாமி."

டேனியல் வந்தார். முருகவேலுக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டு ஆரம்பித்ததும் தொடையில் தாளம் தட்டினார். முருகவேலுக்குப் பாதி உயிர் வந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் டேப்பு 'டக்' என்று நின்றது. பாட்டு நிற்கவில்லை.

"ஒரு பக்கம் முடிஞ்சுபோச்சு. திருப்பிப் போடு மாப்ளே," என்றார் டேனியல்.

முருகவேல் கேசட்டை வெளியே எடுத்தார். கேசட் அவர் கையில், பாட்டு காற்றில். டேனியல் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து சிடி சிக்கிக்கொண்டது. ஒரே "ஆ... ஆ... ஆ..." கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி. பதறிப்போன பாரதி கையில் அகப்பட்ட பட்டனையெல்லாம் அமுக்கினாள். டிவி விழித்துக்கொண்டது.

"வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாக..."

டேனியல் முருகவேலின் முகத்தையே பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த எடந்தான் மாப்ளே. அப்படியே உருக்குது."

தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் குத்திக் காட்டுகிறான். முருகவேலின் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டார்.

"அழுகாத. எனக்கும் அப்படித்தான் இருக்குது," என்றார் டேனியல்.

சாப்பாட்டில் முருகவேலுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. டேனியல் மூன்று தடவை குழம்பு வாங்கினார். அதுவும் கோபத்தில்தான் என்று முருகவேலுக்குப் பட்டது. இருபது வருட சிநேகம் இந்த இலையோடு முடிந்தது.

மாலையில் டேனியல் வாசலில் முதுகைக் காட்டியபடி மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். முருகவேல் பிரிசில்லா பக்கம் ஒதுங்கினார்.

"தங்கச்சி, கேசட்ட நாந்தான் பாழாக்கிட்டேன். அவன்கிட்ட நீதான் பக்குவமாச் சொல்லோணும்."

"பாட்டுக்கு நடுவுல மழைச் செய்தி வந்தப்பவே நெனச்சேனுங்ணா," என்றாள் பிரிசில்லா, ஊருக்கே கேட்கிற குரலில்.

"மெதுவாப் பேசு கண்ணு. அவனுக்குக் கேட்டுறப் போகுது."

"கேக்காதுங்ணா. மிஷின் சத்தத்துலயே நின்னு அவுருக்குக் காது போயி ஒரு வருசமாச்சு. நாம பேசறத வாயப் பார்த்தே புடிச்சுக்குவாரு, பாட்டுக்குத்தான் வாயில்லையே. உங்க மொகத்தப் பார்த்துத்தான் தலையாட்டிட்டு இருந்தாரு. காது கேக்காத வெசயம் தெரிஞ்சா நீங்க பாட்டுப் போடறத நிறுத்திப்போடுவீங்கன்னு ஒரே பயம் அவுருக்கு. ஏனுங்ணா, அடுத்த மாசமும் போடுவீங்க தானுங்க?"