ஹரீஷ்குமாரனின் கம்பளிப் படலம்

வாழ்க ஹரீஷ்குமாரன். ஓசூர் சிப்காட்டின் இரும்புக் கானகத்தில் லேத் மிஷினை அடக்கியாளும் அடலேறு, கேன்டீன் புளிசாதத்தை முகம் சுளியாது உண்ணும் கல்நெஞ்சன், ஓவர்டைம் காசைச் சிறுகச் சிறுகத் திரட்டி, அந்தமானை ஒற்றைத் தோள்பையோடு தீவு தீவாய்ச் சுற்றுவேன் எனச் சூளுரைத்த தென்பெண்ணைக் கரைச் செம்மல் நீடூழி வாழ்க. அலைக்கரம் உடைய ஆழியே, அவனை வரவேற்க ஆயத்தமாவாய். மலிவு டிக்கெட் தந்த விமானத் தெய்வமே, நீயும் கொஞ்சம் கண் திறந்து பார்.

அத்தெய்வம் இட்ட ஆணை ஒன்றே: கைப்பை ஏழு கிலோவைத் தாண்டலாகாது. தாண்டினால் தண்டம், தண்டம் கட்டினால், தீவில் தின்ன ஒதுக்கிய மீன்சோறு அத்தனையும் போச்சு. ஆதலின் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்து, சோப்பை நூலால் இரண்டாகப் பிளந்து, துண்டையும் துறந்து, முற்றும் துறந்த முனிவனாய் அவன் பையைக் கட்டி முடித்தான். ஜிப்பும் சிரமமில்லாமல் மூடியது.

அந்தோ, அவ்வேளை எதிர்ப்பட்டாள் வெங்கடம்மாள், அவனைப் பெற்ற வீரத்தாய், சித்திரையிலும் ஸ்வெட்டர் கழற்றாத ஓசூர்க் குளிர்க்குலத்தின் கொழுந்து. அவள் தோளில் கிடந்தது ஒரு கருங்கம்பளி. ஆடுகள் பல கூடி அளித்தது, நனைந்த மூட்டை போல் கனப்பது.

"கெலவரப்பள்ளி டேம் பக்கம் போனாவே பல்லு கிட்டுது. ஒரு பக்கத் தண்ணிக்கே இப்படின்னா, அங்க நாலு பக்கமும் தண்ணி. குளுராதா? எடுத்துனு போ கண்ணு" என்று அவள் முழங்கினாள்.

"அது வெயிலு ஊரும்மா" என்றான் வீரன்.

"தண்ணிக்கு நடுவுல ஏதுடா வெயிலு" என்றாள் தாய்.

மூண்டது போர். அவள் திணித்தாள், அவன் உருவி எறிந்தான். அவன் குளிக்கப் போன இடைவெளியில் கம்பளி மீண்டும் உட்புகுந்து கோட்டை பிடித்தது. அரைக்கால் சட்டைகள் அகதிகளாய்க் கட்டிலடியில் ஒதுங்கின. ஈரத்தலையோடு பாய்ந்து வந்தவன் கம்பளியைப் பீரோவின் உச்சிக்கு நாடு கடத்தினான். தேநீர் குடித்துத் திரும்பினால், பை கர்ப்பிணி போல் உப்பியிருந்தது. கோபம் வந்தது, ஆனால் அம்மாவாயிற்றே, என்ன செய்வது.

இறுதியில் வெங்கடம்மாளே சமாதானம் பேசினாள். "எதுக்குடா சண்டை. வெங்கடப்பன் கடையில நிறுத்துப் பாக்கலாம். ஏழைத் தாண்டுச்சுன்னா நானே எடுத்துடறேன்."

தெருமுனையில் வெங்கடப்பனின் பழைய இரும்புக் கடை. அங்கே, துருப்பிடித்த சைக்கிள்களும் நசுங்கிய அண்டாக்களும் சாட்சியாக நிற்க, துணிகளும் கம்பளியும் ஒருசேர விழுங்கிய பை தராசேறியது. முள் நடுங்கிற்று, தயங்கிற்று, ஆறரையில் அடங்கிற்று. வாக்கு வாக்குதான் என்று வீரன் கம்பளியோடு பையைத் தோளேற்றி, அத்திப்பள்ளி எல்லை கடந்து, பெங்களூரு விமான நிலையத்தை அடைந்தான்.

ஆங்கே கவுன்ட்டரில் வீற்றிருந்த நங்கை, பையைத் தன் தராசில் வைத்துத் தீர்ப்பு உரைத்தாள்: "ஒம்பது கிலோ சார். ரெண்டு கிலோ எக்ஸ்ட்ரா, பே பண்ணணும்."

அக்கணமே அவன் நெஞ்சில் மின்னல் வெட்டியது. வெங்கடப்பனின் தராசு பொருளை வாங்குவதற்கென்றே வளர்க்கப்பட்ட தராசு. யானையை ஏற்றினாலும் கன்றுக்குட்டி எடைதான் காட்டும். அதை ஊரே அறியும்; ஆண்டாண்டாய்ப் பழைய பேப்பர் போட்டு அந்த முள்ளோடு மல்லுக்கட்டிய வெங்கடம்மாள் அறியாளா? சண்டைச் சூட்டில் மறந்தவன் மகன் மட்டுமே.

மீன்சோற்றை இழப்பதா, மானத்தை இழப்பதா? மீன்சோறே வென்றது. கம்பளியை உருவி, தலைமுதல் முழங்கால்வரை கவசமாய்ப் போர்த்தி, பையை மறுபடி தராசில் வைத்தான். முள் இல்லாத அந்தத் தராசு ஆறு புள்ளி ஒன்பது என்றது. இனி பையில் அந்தக் கம்பளிக்கு இடமில்லை; அரைக்கால் சட்டைக் கூட்டத்தின் நடுவே ஆட்டிடையர் குலவேந்தன் போல் வரிசையில் நின்று, விமானமேறி, கடல் தாண்டி, தீவு மண்ணில் கால் பதித்தான். வியர்வை குதிகாலில் சொட்டியது. கடமை தவறாது தாய்க்குப் போன் போட்டான்.

"குளுருதா கண்ணு?"

"இல்லம்மா."

"பாத்தியா, கம்பளி எடுத்துனு போனதுனாலதான்."

அந்தமானில் அன்று முப்பத்திரண்டு டிகிரி.