இடுப்பில் ஓர் இடியப்ப உரல்

வாங்கப் போகும் பொருளை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்கிற ஒவ்வொருவரும் எனக்கு மூளை கழன்ற நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்க அப்பா ஸ்காபரோவில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினால் அது பொறுப்பு. ஒரு சேலைக்காக அம்மா ஒரு பகல் முழுவதையும் செலவழித்தால் அது ரசனை. நான் கைத்துப்பாக்கிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டும் விசர். (விசர் என்றால் எங்கள் பேச்சில் பைத்தியம். அந்தச் சொல்லை அந்த மாதம் நிறையவே கேட்டேன்.)

நான் இயந்திரவியல் படித்தவள். கனடாவில், பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் வால்வுகளைச் சோதிப்பது என் வேலை. எது உடையவே கூடாதோ அதை என் மேசையில் முதலில் உடைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வேலையோடு நின்றுவிடவில்லை. குடை வாங்கினாலும் குளியலறைக் குழாயின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்துச் செல்வேன்.

அந்த வசந்த காலத்தில் எனக்கு ஹியூஸ்டனில் ஒரு வேலை கிடைத்தது. நான் ஆசைப்பட்ட வேலை. எண்ணெய்க் குழாய்களின் வால்வுகள், சொந்தமாக ஒரு சோதனைக்கூடம், எனக்குக் கீழே ஆட்கள். ஒரேயொரு குறை, பாதி நாட்கள் இரவு வேலை. ஊருக்கு வெளியே இருந்து தனியாகக் கார் ஓட்டி வர வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நான் மூச்சும் விடவில்லை. அப்பா என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். 'தனிய நிக்கேக்க ஏதும் நடந்தால் என்ன செய்வாய்?' அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் சுதன் அத்தான், பெரியம்மாவின் மகளைக் கட்டியவர். நெடுங்காலமாக ஹியூஸ்டனில் இருக்கிறார், அந்த நாட்டுக் குடிமகன். வீடியோவில் கூப்பிட்டுப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டேன். இஞ்ச கனபேர் துவக்கு வைத்திருக்கினம் என்றார். (துவக்கு என்றால் துப்பாக்கி.) பிறகு எழுந்து நின்று ரீசேர்ட்டை மெல்லத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் கறுப்பாக ஒன்று உறைக்குள் இருந்தது. போன வருடம் அவர்கள் வீட்டில் ஒரு கிழமை, ஏழு நாள், தங்கியிருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் இருந்து தோசை சாப்பிட்ட மனிதர்.

"அப்பவும் வச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். உனக்குத் தெரியேல்லை எல்லோ. அதுதான் வித்தை."

கனடாவில் இந்த வித்தைக்கு இடமில்லை. சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு திரிய முடியாது, புதிதாக வாங்கவும் முடியாது. அசலைப் போலவே இருக்கும் போலித் துப்பாக்கி கூட வில்லங்கம். இதையெல்லாம் முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொண்டேன். (சட்டத்தைப் பார்க்காமல் இறங்கினேன் என்று சொல்கிறவர்கள் கவனிக்கவும். பார்த்தேன். எந்த நாட்டுச் சட்டத்தை, யாருக்கான சட்டத்தை என்பது வேறு விஷயம்.)

பிறகு கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். எனக்கு முதலில் பிடித்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டித் துப்பாக்கி. அத்தான் சிரித்தார். சிறியதும் பாரமில்லாததும்தான் சுடும்போது கையில் கூடுதலாகத் துள்ளுமாம். பிடிக்க இடமும் இராது. நாலு தரம் பழகியதும் பயந்து அலுமாரியில் வைத்துவிடுவார்களாம். பெரியதை வாங்கினாலும் அதே அலுமாரிதான், பாரம் தாங்காமல். ஆகவே நடுத்தரம். என் விரல் விசைக்கு எட்ட வேண்டும், ஆனால் மடங்கிப் போகக் கூடாது. குண்டேற்றுவதற்கு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க என் மணிக்கட்டில் பலம் வேண்டும், இல்லையென்றால் சுழல் துப்பாக்கிதான் நல்லது. உறை விசையை முழுதாக மூட வேண்டும். நான் நினைத்தபடி இது கைப்பை வாங்குகிற மாதிரி இல்லை, செருப்பு வாங்குகிற மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருப்பதைப் பற்றிக் கவலையில்லை, நாள் முழுதும் கடிக்காமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

அங்கேதான் அத்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஒன்றை வாங்க முதல் அதே பாரத்தை ஒரு கிழமை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்து பார். தாங்கினால் வாங்கு. சொன்னது ஒரு சோதனை முறை. சோதனை என்றால் நான் விடுவேனா?

எங்கள் வீட்டில் இடியப்ப உரல் பித்தளையில் செய்தது. இரண்டு பாகம். மாவைப் போடும் கீழ்ப்பாகத்தை விட்டுவிட்டு, அமுக்குகிற மேற்பாகத்தை மட்டும் எடுத்தேன். அதில் இரண்டு பக்கமும் திருகாணியில் பூட்டிய கைப்பிடிகள். ஒன்றைக் கழற்றினேன். குழலும் பிடியுமாக வடிவம் வந்துவிட்டது. தராசில் வைத்தேன், பாரமும் ஏறக்குறையச் சரி. தடிப்பு மட்டும் கூடுதல். அது நல்லதுதான். இந்தத் தடிப்பையே மறைக்க முடிந்தால் எதையும் மறைக்கலாம். அம்மா முதுகுவலிக்கு வாங்கி மறந்துபோன இடுப்புப் பட்டிக்குள் அதைச் செருகிக்கொண்டேன்.

ஒரு கிழமை அப்படியே வேலைக்குப் போய் வந்தேன். கார் சீட்டில் இருந்தால் விலாவில் குத்தும். கோ என்கிற புறநகர் ரயிலில் மேல்கம்பியைப் பிடித்தால் சட்டை உயரும், ஆகவே கீழே பிடிக்க வேண்டும். குனியக் கூடாது, முழங்காலை மடிக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான் அரைக் கிலோ மெலிந்தாலும் கண்டுபிடிக்கிற அம்மாவே கண்டுபிடிக்கவில்லை. அவர் உரலின் மேற்பாகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் புட்டுச் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை சித்தப்பா வீட்டுக் குடிபூரல். விட்பியில் புது வீடு. சுற்றிவர எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அன்று நான் உரலை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம், இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தினமும் கொண்டுபோவது என்றால் தினமும்தான். சேலையில் சோதிக்க அதைவிட நல்ல நாள் கிடைக்குமா? தவிர, அன்று பின்னேரம் வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாவிடம் சொல்வதாக இருந்தேன். கேள்விக்குப் பதில் என் இடுப்பில் இருந்தது.

குசினியில் பால் காய்ச்சுகிற நேரம். சித்தி அடுப்படியில் நின்றார். கண்ணாடி அடுப்பில் கிழக்கு எது என்று போனில் பார்த்து, பச்சை நாடா ஒட்டிக் கொடுத்திருந்தேன், எஞ்சினியர் என்பதால் எனக்குத் தந்த வேலை. பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்பதை வைத்துத்தான் அந்த வீட்டின் எதிர்காலத்தைச் சொல்வார்கள். அத்தனை பேரும் பானையைச் சுற்றி நின்றார்கள். இளசுகள் படம் எடுக்கப் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அப்போதுதான் யோகா அன்ரி என்னைக் கண்டார். அம்மாவின் சிநேகிதி. அவர் கட்டிப்பிடித்தால் விசாரணை தொடங்குகிறது என்று அர்த்தம், பதில் வரும்வரை விடமாட்டார்.

"என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய். எங்களுக்கு எப்ப கலியாணச் சாப்பாடு போடப்போறாய்?" என்று இறுக்கினார். அவருடைய இடது கை என் இடுப்பில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. பிறகு ஒரு தரம் தட்டிப் பார்த்தது.

"உது என்ன உனக்கு இடுப்பில?"

நான் மிக நிதானமாகச் சொன்னேன். "துவக்கு இல்லை அன்ரி."

துவக்கைப் பற்றி அதுவரை அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் பழுது எதுவல்ல என்பதைச் சொல்லித்தான் எங்கள் தொழிற்சாலை அறிக்கைகள் தொடங்கும், அது தொழில் பழக்கம். யாரோ பின்னால் "துவக்கோ?" என்று கேட்டார்கள்.

இந்த நிலையில் விளக்கம் சொல்வதைவிட எடுத்துக் காட்டுவதுதான் நல்லது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிழையானது எடுத்த விதம். இடது கை துணியை விலக்க வேண்டும், வலது கை பிடியைப் பற்றி நேரே மேலே இழுத்து முன்னுக்கு நீட்ட வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் பழகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றில் சிக்கும். அன்று சிக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் ஒரே அசைவில் தரையில் படுத்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. முழங்கால் வலி என்று காலையில் படி ஏற மறுத்த மாமா மேசைக்கு அடியில் இருந்தார். பட்டுச்சேலைகள் புது ஓட்டுத் தரையில் விரிந்து கிடந்தன. கனடாவில் பிறந்தவர்கள் மட்டும் நின்றபடியே போன்களைப் பாலில் இருந்து என் பக்கம் திருப்பினார்கள். எங்கள் சனத்தில் யார் போருக்குள் வளர்ந்தவர்கள், யார் இங்கே வளர்ந்தவர்கள் என்று அறிய இதைவிட விரைவான முறை இருக்க முடியாது.

அப்பா குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். அவருடைய கை அம்மாவின் தலையை மூடியிருந்தது.

அந்தக் கையின் கீழிருந்து அம்மாதான் முதலில் தலையை நிமிர்த்தினார். "என்ர உரல்," என்றார். "ஒரு கிழமையாத் தேடுறன்."

பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். ஏன் என்று ஒரு சொல்தான் கேட்டார். பின்னேரத்துக்கு என்று நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த எல்லாவற்றையும் அங்கேயே, பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டே, வரிசையாகச் சொன்னேன். ஹியூஸ்டனில் வேலை. சம்பளமும் பதவியும் இன்னது. இரவு வேலை உண்டு. அதற்குப் பாதுகாப்பு ஏற்பாடு இது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நான் பேசப் பேசத் தரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "துவக்கை இடுப்பில செருகினவைக்குப் பயந்துதான் நான் நாட்டை விட்டு வந்தனான். நீ அதைச் செருகப் பழகுறாய்."

அவர் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும் என்று இருந்தேன். இது அந்தக் கேள்வி இல்லை. ஆனால் இங்கே நான் தலையைக் குனிந்தால் ஹியூஸ்டனும் அதோடு போய்விடும் என்றும் தெரிந்தது. உரலைச் சித்தியின் புதுச் சமையல் மேடையில் வைத்தேன்.

"அப்ப உது இல்லாமல் போறன்," என்றேன். "ஆனால் போறன் அப்பா."

என் தங்கை துளசி போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெயிற். உன்ர வேர்க் விசாவில போற ஆக்கள் கன் வச்சிருக்கவே ஏலாதாம். ஹன்ரிங் லைசன்ஸ் இருந்தால் ஏதோ எக்செப்ஷன் இருக்கு." போனில் இருந்து கண்ணை எடுத்தாள். "நீ வேட்டைக்குப் போறனியோ?"

விசையின் தூரம் பார்த்தேன், சுருள்வில்லின் பலம் பார்த்தேன், சேலையில் மறையுமா என்றும் பார்த்தேன். நான் வைத்திருக்கலாமா என்று பார்க்கவில்லை. அத்தான் அந்த நாட்டுக் குடிமகன், அவருக்கும் தோன்றவில்லை. சரி, அட்டவணையில் ஒரு நிரல் குறைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற நிரல்கள் எல்லாம் சரி.

முதலில் சிரித்தது யோகா அன்ரி, தரையில் இருந்தபடியே. பிறகு மாமா மேசைக்கு அடியில் இருந்து. பிறகு வீடே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. மேடையில் கிடந்த உரலை எடுத்து, அதன் ஒற்றைக் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மற்றக் கைப்பிடி எங்க?"

"என்ர மேசை லாச்சியில."

"வீட்ட போனவுடன பூட்டிக் குடு." அம்மாவிடம் உரலைக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "இரவில ஓடுறதெண்டால் கார் நல்லதா இருக்க வேணும். பழசு ஒண்டும் வாங்காத."

அதுதான் அவருடைய சம்மதம். வேறு விதமாக அவர் எதற்கும் சம்மதித்து நான் கண்டதில்லை.

சித்திதான் திரும்பி அடுப்பைப் பார்த்தார். பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. நாடாவைச் சுற்றி நாலு பக்கமும் பால் நின்றது. எடுத்த வீடியோக்களை எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் என் இடுப்புத்தான் இருந்தது. அன்றிலிருந்து சித்தப்பா வீட்டில் கராஜ் கதவு இறுகினாலும், நிலவறையில் ஈரம் கசிந்தாலும் குற்றவாளி நான். கட்டியவன் ஒழுங்காகக் கட்டவில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்பதில்லை.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன். ஹியூஸ்டனில் இரண்டு வருடம் வேலை செய்தேன். கதவுப் பூட்டு, காரின் ரயர், வெளிச்சமான தரிப்பிடம் என்று வேறோர் அட்டவணை போட்டு அதன்படி இருந்தேன். வெறும் இடுப்போடு போனேன், வெறும் இடுப்போடு திரும்பி வந்தேன். போனதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. சோதனை செய்து பார்த்ததற்காகவும் இல்லை.

யோகா அன்ரி இப்போது என்னைக் கட்டிப்பிடிப்பதில்லை. மற்ற அன்ரிமாரும் ஒரு கை தூரத்தில் நின்று சுகம் விசாரித்துவிட்டு விலகிப் போகிறார்கள். கலியாணச் சாப்பாட்டைப் பற்றி அந்தத் தூரத்தில் நின்று கேட்க முடியாது போலும். பாதுகாப்பு என்று நான் அந்த வசந்தத்தில் ஆராய்ந்த எதுவும் இவ்வளவு காலம் பழுதில்லாமல் வேலை செய்திருக்காது.

எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் அப்பா உள்ளே போகிறார். பகிடி விடத் தெரியாத மனிதர், வாசலில் நின்று அதே முகத்தோடு சபைக்கு அறிவிக்கிறார். "பயப்பிடாதேங்கோ. நான் செக் பண்ணித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

சனம் சிரிக்கிறது. நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போகிறேன். அப்பா ஒருநாளும் செக் பண்ணியதில்லை.