வடகிழக்கு மூலையில் விழுந்த பந்து

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கையும் நலமாக இருக்கிறோம், தனித்தனியாக. அங்கு உங்கள் நலமும், அக்காவின் நலமும், உங்கள் வலது முழங்கையின் நலமும் அறிய ஆவல்.

நான்கு தெரு தள்ளி இருக்கிறவருக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மூன்று வாரமாக நீங்கள் போனை எடுப்பதில்லை. டென்னிஸ் கோர்ட்டுக்கும் வருவதில்லை. நேற்று மருந்துக்கடையில் என்னைக் கண்டதும் இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்து, பரீட்சைக்குப் படிக்கிறமாதிரி படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் கோப்பையின் இறுதிப்போட்டி. உங்களை அரையிறுதியில் ஜெயித்த காரணத்தால் அதில் ஆடப்போகிறவன் நான். அதற்குள் நீங்கள் என்னோடு ஒரு வார்த்தையாவது பேசவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதையெல்லாம் தொடங்கிவைத்தது யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக ஊரார் நிலத்தை அளந்துவிட்டு, ஓய்வுபெற்று, நான் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் சமையலறை அலமாரி முக்கால் அங்குலம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். உடனே உங்கள் தங்கை உங்களுக்குப் போன் போட்டு, “அண்ணே, காலையில ரெண்டு மணி நேரம் இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள். நீங்கள் பரணிலிருந்து ஒரு பழைய ராக்கெட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து, “பிடிங்க மாப்ளே, ஆறு மாசத்துல ஆளே மாறிடுவீங்க” என்றீர்கள். மாறினேன். முதல் மாதம் முழங்கை போயிற்று, இரண்டாம் மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்றாம் மாதம் எலும்பு டாக்டர் “என்ன வேலை பார்க்கிறீங்க, மூட்டை தூக்கறீங்களா” என்று கேட்டார். ஓய்வெடுக்கிறேன் என்றேன்.

நம் கிளப்பில் நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் உள்ளே, வெளியே என்று சொல்லவேண்டும். எதிராளி வலையைத் தாண்டி வந்து மண்ணில் பந்தின் தடம் பார்க்கக் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. “இங்க அவனவன் வாய்தான் மாப்ளே தீர்ப்பு” என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் உத்தியோகத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் அவனவன் பக்கத்து வீட்டுக் குளியலறை வரைக்கும் தன்னுடையது என்று சொல்லியிருப்பான். இங்கேயும் அதேதான் நடந்தது. கிளப் செயலாளர் பந்து வலையைத் தாண்டுவதற்கு முன்பே “அவுட்” என்று கத்திவிடுவார். பல் டாக்டர் ஒவ்வொரு அடிக்கும் “சாரி, வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே விழுந்ததையெல்லாம் வெளியே பிடுங்கிப் போடுவார். உங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிவியில் உலகப் போட்டி ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, சர்வீஸுக்கு முன் பந்தைப் பதினோரு தடவை தட்டி, நெற்றியைத் துண்டால் ஒற்றி, ராக்கெட் நரம்புகளை ஒவ்வொன்றாக நேர்செய்து, நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, நேராக வலையில் அடிப்பீர்கள். பிறகு நரம்பை முறைப்பீர்கள். நரம்பு என்ன செய்யும்?

சரி, அந்த அரையிறுதி நாளுக்கு வருகிறேன். இரண்டு வருடத்தில் உங்களை நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அன்று கடைசி செட், ஆறுக்கு ஐந்து, நாற்பதுக்கு முப்பது. எனக்கு ஒரே ஒரு பாயிண்ட் வேண்டும். நீங்கள் அடித்த பந்து என் பக்கத்து வடகிழக்கு மூலையில் விழுந்தது. நான் “அவுட்” என்றேன். வழக்கப்படி வலைக்கு வந்து கை கொடுத்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டீர்கள். ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை எழுந்து, “நான் பார்த்தேன்” என்றாள். அவ்வளவுதான். ஜெயித்த களைப்பில் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஷூவைத் துடைத்தேன். “கல்யாணமாகி முப்பத்தோரு வருசத்துல இன்னைக்குத்தான் ஷூ துடைக்கறீங்க” என்று அதையும் ஒரு குற்றமாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் விசாரணைதான். காபி டம்ளரை மேசை விளிம்பில் வைத்து, “இது உள்ளயா, வெளியயா? நீங்களே சொல்லுங்க” என்கிறாள். கதவைச் சாத்தினால், “நிஜமாவே சாத்திடுச்சா, இல்ல நீங்க சொன்னதால சாத்தினதா?” என்கிறாள். போன வாரம் டிவியில் ஒரு பெரிய போட்டி. அங்கே இப்போதெல்லாம் கோடு பார்க்க ஆள் கிடையாது, இயந்திரமே “அவுட்” சொல்லிவிடுகிறது. மெஷினோடு சண்டை போட முடியாத ஆத்திரத்தில் ஆட்டக்காரன் தன் ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தான். சோபாவின் அந்தக் கோடியிலிருந்து உங்கள் தங்கை, “பாவம் அந்த மெஷின், அதுக்கு மச்சான் இல்ல” என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை என் பழைய அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். காவலாளியை வலைக்குக் கீழே முனையைப் பிடிக்கச் சொல்லி நாலு மூலையும் அளந்தேன். வலையிலிருந்து கடைசிக் கோடு முப்பத்தொன்பது அடி இருக்கவேண்டும். மூன்று மூலை சரி. வடகிழக்கு மூலை மட்டும் முப்பத்தெட்டு அடி எட்டு அங்குலம். கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு அடித்த ஆணியே அங்கே நான்கு அங்குலம் உள்ளே தள்ளி நிற்கிறது. “அந்த இடத்துல கல்லு இருந்துச்சு சார், ஆணி இறங்கல. கொஞ்சம் தள்ளி அடிச்சேன். ஆறு வருசமாச்சு, யாரும் கேக்கல” என்றார் காவலாளி.

புத்தகப்படி பார்த்தால், கோட்டுக்கு வெளியே நான்கு அங்குலம் வரை விழுந்த பந்தும் உள்ளேதான். எனக்கு எதிரான சாட்சியை நானே டேப் பிடித்துத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. மேலிடத்து உத்தரவு வரும்வரை தரையில் எந்தக் கல் நிற்கிறதோ அதுதான் எல்லை. ஆகவே சுண்ணாம்புதான் கோடு, பந்து அவுட், என் வாக்கு வாக்குதான். இல்லை, புத்தகம்தான் பேசும் என்றால், இந்த ஆறு வருடத்தில் அதே மூலையில் நீங்கள் “அவுட்” சொன்ன பந்துகளுக்கு என்ன கதி? உங்கள் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கும் நான்கு கோப்பைகளுக்கு என்ன கதி? செயலாளரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போய், “சார், டேப்பை உள்ள வைங்க, என்னோட ரெண்டு கோப்பையும் அதுல மாட்டும்” என்றார்.

ஆகவே ஒரு சமரசம் சொல்கிறேன். நான் நான்கு அங்குலத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். நீங்கள் என்னிடம் வாய் திறக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்காருங்கள், போதும். காலையில் தனியாகப் போய்ச் சுவரோடு ஆடிக்கொண்டிருக்கிறேன் மச்சான். சுவர் ஒரு தடவைகூடத் தப்பு செய்வதில்லை, அதனால் ஆடப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பேத்திக்கு என் ஆசி, உங்கள் முழங்கைக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, பந்து விழுந்தபோது தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாள். “பின்னே பார்த்தேன்னு ஏன் சொன்னே?” என்றேன். “பந்தைப் பார்க்கலங்க. ‘அவுட்’னு சொன்னப்புறம் உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அது போதாதா?” என்றாள்.

ஆக, சாட்சி யாரும் இல்லை. நான் சொல்வதுதான் தீர்ப்பு. அதனால் சொல்லிவிடுகிறேன். பந்து உள்ளே. சுண்ணாம்புக் கோட்டின் நட்டநடுவில் விழுந்தது. தூள் பறந்து என் வலது ஷூவில் ஒட்டியது, அதைத்தான் வீட்டுக்கு வந்து துடைத்தேன். தடத்தை மிதித்துக்கொண்டுதான் உங்களிடம் கைகொடுக்க வந்தேன். முப்பத்துநான்கு வருடம் ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்துகொடுத்தவன், எனக்கென்று ஒரே ஒரு அங்குலம் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான். வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பாயிண்ட் உங்களுடையது என்றால் ஸ்கோர் நாற்பதுக்கு நாற்பது. ஆட்டம் இன்னும் முடியவில்லை. இந்தப் பின்குறிப்பை எழுதுமுன்பே செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறுதிப்போட்டிப் பலகையில் என் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தை வெற்றாக விட்டிருக்கிறார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விட்ட இடத்திலிருந்து ஆடுவோம், வாருங்கள். ஆணியைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நானே அடித்துவிட்டேன், கல்லை எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. வடகிழக்கு மூலையில் நாற்காலி போட்டு உங்கள் தங்கை உட்காரப்போகிறாள். கண்ணாடியை வீட்டிலேயே துடைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.