உடைந்த சாமான் ஒன்று வேண்டும்

வீட்டில் உடைந்த சாமான் ஒன்றுகூட இல்லை. விடிந்தால் விடுமுறை, விடிந்தால் பரிசு கொடுக்க வேண்டும். பார்சல் ஆபீஸ்காரர் பரணில் ஏறிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார், குளியலறை வாளிகளைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார். காது போன கோப்பை ஒன்றாவது அகப்பட வேண்டுமே!

"என்னத்தைத் தேடறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சும்மா."

"சும்மா தேடறவரு எதுக்கு வாளியோட அடியைத் தட்டிப் பார்க்கணும்?"

ஆண்டுக் கடைசி விடுமுறையின் முதல் நாள் காலையில் வீட்டில் எல்லோருக்கும் பரிசு தருவது அவர் வழக்கம். அதற்காகக் கடைக்குப் போவது அவர் வழக்கமல்ல. உடைந்தது, ஓடாதது, கழன்று தொங்குவது எதுவாக இருந்தாலும் சத்தமில்லாமல் எடுத்துப் போய்ச் சரிசெய்து, போன வருடத்துக் காகிதத்தையே இஸ்திரி போட்டுச் சுற்றி, உரியவரிடம் நீட்டிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பரிசுக்கும் பில் கிடையாது. ஆபீசில் அவருக்கு 'மிச்சம் சார்' என்று பெயர். கேலிதான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கடன் வாங்கிப் பரிசு வாங்கிவிட்டு மாதக் கடைசியில் பேயறைந்தது போல உட்கார்ந்திருப்பவர்கள் அப்படிக் கூப்பிடும்போது அது அவர் காதில் பட்டமாகத்தான் விழுந்தது.

அதிர்ஷ்டமும் அவர் பக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் விடுமுறை நெருங்கும்போது வீட்டில் ஏதாவது உடையும். இந்த வருடமும் மனைவியின் குடைக்கம்பி முறிந்தது, மகளின் மேஜை விளக்கு கழுத்தொடிந்து சாய்ந்தது. இரண்டையும் சரிசெய்து காகிதம் சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தாகிவிட்டது. பாக்கி மாமியார் மட்டும்.

அங்கேதான் சிக்கல். பெண் பார்க்கப் போன அன்று, உள்ளேயிருந்து அவர் காதில் விழும்படியாகவே மாமியார் சொன்னது இன்னும் மறக்கவில்லை. "பையனுக்குப் பார்சல் ஒட்டத் தெரியும், அவ்வளவுதானே?" அதன் பிறகு கடிகாரம், மின்விசிறி, ரேடியோ என்று எத்தனையோ சாமான்களை அவருக்குச் சரிசெய்து கொடுத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் மாமியார் பரிசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, வெச்சுட்டுப் போங்க" என்பார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவர் இத்தனை வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

டமார் என்று மாமியார் அறையிலிருந்து சத்தம் வந்தது. அவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அலாரம் கடிகாரம் தரையில் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"கை தவறிடுச்சு, மாப்பிள்ளை."

"அடடா! உடைஞ்சிடுச்சா அத்தை?" என்று அவர் கேட்ட குரலில் துக்கத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது.

எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டிக், டிக். போன வருடம் அவரே உட்கார்ந்து சரிசெய்த கடிகாரம். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. நெஞ்சு நிமிர்ந்தது, ஆனால் பரிசுக்குத்தான் வழி பிறக்கவில்லை. இந்த வாரம் அது விழுவது இது முதல் தடவையும் இல்லை. கிழவிக்குக் கை நடுங்குகிறது போலும், கடிகாரம்தான் நடுங்க மாட்டேன் என்கிறது.

"ஓடுது அத்தை! ஒண்ணும் ஆகல!"

மாமியாரின் முகம் சுருங்கியது. பாராட்ட மனசில்லை, வேறென்ன என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாலையில் மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போனதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தானாக உடையாவிட்டால் நாமே கொஞ்சம் கழற்றிவைத்துவிட்டு மறுபடி மாட்டிக் கொடுத்தால் என்ன? ஸ்க்ரூ டிரைவரோடு பூனை போல அறைக்குள் நுழைந்து மின்விசிறியைத் திருப்பினார். திருகினார். அசையவில்லை. அன்றைக்கு இனி எந்தக் காலத்திலும் கழலக் கூடாது என்று பசை ஊற்றி முடுக்கியவர் அவரேதான்! பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் விசிறி அப்படியே நிற்க, ஒயர் மட்டும் பிளக்கோடு சுவரிலிருந்து பிய்ந்து வந்தது. ஒரு பொறி பறந்தது. வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"அப்பா! காலையிலேருந்து டைப் பண்ணதெல்லாம் போச்சு!" என்று மகள் அலறினாள்.

"அரைச்சது பாதியில நிக்குது, என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, ஃபியூஸ்தான். ரெண்டு நிமிஷம்!"

பிய்ந்த ஒயரை முதலில் ஒட்டினார். ஃபியூஸ் பெட்டி உயரத்தில் இருந்தது. ஏறுவதற்குக் கைக்குக் கிடைத்தது, விருந்தாளிகள் வந்தபோது மாடியில் இருக்கும் வீட்டு ஓனரிடம் இரவல் வாங்கி இன்னும் திருப்பித் தராத மர நாற்காலி. ஃபியூஸ் போட்டாயிற்று, விளக்கும் எரிந்தது. வெற்றிப் புன்னகையோடு இறங்கும்போது நாற்காலியின் கால் மளுக்கென்று பெயர்ந்து வந்தது. பார்சல் ஆபீஸ்காரர் தரையில் உட்கார்ந்தபடி அந்தக் காலைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்துபோனார். உடைந்த சாமான்! அடுத்த கணம்தான் அது மாமியாருடையது இல்லை, வீட்டு ஓனருடையது என்பது உறைத்தது.

"என்னங்க, இன்னைக்கு ராத்திரி நாற்காலி வேணும்னு மேல கேட்டாங்க," என்றாள் மனைவி, நேரம் பார்த்து.

நாற்காலிக் காலை ஒட்டிவிடலாம். ஆனால் நீளமான ஸ்க்ரூ ஒன்று வேண்டும். ஒரு ஸ்க்ரூவுக்காகக் கடைக்குப் போவதா? இத்தனை வருட மானம் என்னாவது? கண்களை ஓட்டினார். மாமியார் கட்டிலுக்கு மேலே, சுவரில் ஒரு பலகை. வீடு கட்டும்போதே தச்சர் அடித்தது, இவர் கை பட்டதல்ல. அதைத் தாங்குவது நான்கு ஸ்க்ரூ. நான்கில் ஒன்று போனால் குடியா முழுகிவிடும்?

ஸ்க்ரூ நாற்காலிக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. மாடிக்குத் தூக்கிப் போனார். கனத்த உடம்புக்காரரான வீட்டுக்காரர் தொப்பென்று உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார்.

"முன்னெல்லாம் கிரீச் கிரீச்சுனு கத்தும் சார். இப்ப பாறை மாதிரி நிக்குதே! என்ன பண்ணீங்க?"

"சும்மா, நம்ம கை பட்டுச்சு," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் அவர்.

அப்போதுதான் கீழே வீடே இடிந்ததுபோல் சத்தம் கேட்டது.

ஓடி வந்து பார்த்தால் மாமியாரின் பலகை இரண்டாகப் பிளந்து கட்டிலில் கிடந்தது. மேலே இருந்த மருந்து டப்பா, கண்ணாடிக் கூடு, கடிகாரம், ரேடியோ எல்லாம் ஒரே குவியல். அவர் பதறிப் போய்க் குவியலைக் கிளறினார். கடிகாரம் டிக் டிக் என்றது. ரேடியோ, யாரும் திருகாமலே செய்தி வாசிக்க ஆரம்பித்தது. அவர் ரிப்பேர் செய்த ஒன்றுக்கும் ஒரு நகக்கீறல் இல்லை.

ஆனால் பலகை உடைந்திருந்தது! மாமியாருடைய பலகை! அவருக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

மாமியார் திரும்பி வந்து வெறும் சுவரைப் பார்த்தார்.

"பழைய பலகை அத்தை, தானா விழுந்துடுச்சு. நான் தூக்கிப் போட்டுடறேன்."

"சரி," என்றார் மாமியார்.

தூங்கப் போகும் முன் பிளவைப் பசையால் ஒட்டி, பின்னால் பார்சல் பெட்டிச் சட்டம் ஒன்றைக் கொடுத்து முடுக்கி, உப்புத்தாள் தேய்த்து, மிச்சமிருந்த பெயின்ட்டை அடித்து முடித்தார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். சொந்தக் கையால் செய்தது என்று அவருக்கே நம்ப முடியவில்லை. இதற்குமா அந்த வார்த்தை வராது?

காலையில் எல்லோரும் முன்னறையில் கூடினார்கள்.

"ஐயோ, என் குடை! இது அவ்வளவுதான்னுல்ல நெனச்சேன்!" என்று மனைவி விரித்து மடக்கினாள்.

"அப்பா, விளக்கு முன்னைவிட நேரா நிக்குது!" என்று மகள் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அவர் எதுவும் பெரிதாகச் செய்யாதவர் போல விட்டத்தைப் பார்த்தார்.

மாமியாரின் பரிசைப் பிரிக்க நேரமாயிற்று. பார்சல் ஆபீஸ்காரர் ஒட்டியது அல்லவா? கடைசி டேப்பும் கழன்றதும் மாமியார் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், முழங்காலில் வைத்து அழுத்தியும் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு இடுப்பில் செருகியிருந்த எதையோ எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். ஸ்க்ரூ டிரைவர்.

"இது என் கட்டில்ல கிடந்துச்சு. உங்களுதுதானே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது வந்து... அத்தை... அந்த ஃபியூஸ்..." என்று திருதிருவென்று விழித்தார். மனைவி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"பாட்டி, வேண்டாம், சொல்லாதீங்க!" என்று மகள் பதறினாள்.

மாமியார் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் அவங்க சாமானைப் போன மாசமே உடைச்சு உங்க கண்ணுல படுற மாதிரி வெச்சுட்டாங்க மாப்பிள்ளை, நான்தான் ஒரு வாரமா அந்தக் கடிகாரத்தைத் தூக்கித் தூக்கிப் போடறேன், நீங்க ரிப்பேர் பண்ணது எதுவும் உடைஞ்சு தொலைய மாட்டேங்குதே!"