சாட்சிக் கூண்டில் உன் அத்தான்

அன்புள்ள சின்ன மச்சானுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் ஆதாரம் எங்கே என்று உன் அக்கா கேட்பாள்.

ஐம்பத்தொரு வயதில் அவள் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பாடப் புத்தகமும் தானுமாக இருந்தவளிடம், சட்ட மாணவர் மன்றத்திலும் சேர், அப்போதுதான் பேச்சு வரும் என்று போனில் ஓதிய புண்ணியவான் நீ. மச்சான், உன் அக்காவுக்குப் பேச்சு வராமல் இருந்த நாள் எது? மன்றத்தில் சேர்ந்த முதல் வாரமே, குளியலறைக் குழாயைச் சரியாக மூடாததற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டு ஃபிரிட்ஜ் கதவில் எனக்கொரு நோட்டீஸ். சாப்பாட்டில் உப்பில்லை என்றேன். ஆட்சேபம் பதிவு செய்துகொள்ளப்பட்டது, உப்பு மட்டும் வரவில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை மன்றத்தில் மாதிரி நீதிமன்றம். ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பத்தைத் தபாலில் போடாமல் விட்டுவிட்டதாக எழுத்தர் ஒருவர் மேல் வழக்கு. எழுத்தராக நடிக்க இருந்த பையனுக்குக் காய்ச்சல். வேடிக்கை பார்க்கப் போன என் முகத்தில் எழுத்தர் களை சொட்டுகிறதாம். மன்றச் செயலாளர் பெண் என்னைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டாள். பஸ் பணிமனை ஸ்டோரில் முப்பது வருஷம் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தவனுக்கு இதெல்லாம் தேவையா? நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: தபாலில் போட்டுவிட்டேன். அதைச் சொன்னேன். குறுக்கு விசாரணைக்கு எழுந்தது உன் அக்கா, கறுப்புக் கோட்டோடு.

"அன்னைக்கு நல்ல மழை. நீங்க வாசலைத் தாண்டவே இல்லையே?"

என்னிடம் கொடுத்த வழக்கு விவரத் தாளில் மழையே இல்லை. மழை பெய்தது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். இதே சட்டப் படிப்புக்கு அவள் எழுதிய விண்ணப்பத்தைத் தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்த நாள் அது. உனக்கும் இது தெரியாது. நாக்கு தானாகப் பேசிவிட்டது.

"போடலை. சட்டைப் பையிலேயே வச்சிருந்தேன். நீ வெளியூர் போயிட்டா நான் தனியா என்ன பண்ணுவேன்னு பயமா இருந்துச்சு."

அரங்கமே கைதட்டியது. என்ன இயல்பான நடிப்பு என்று நீதிபதியாக உட்கார்ந்திருந்த மூன்றாமாண்டுப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உன் அக்கா மட்டும், வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஐந்தாவது நிறுத்தம் தாண்டியதும் அவள், "எனக்கு அப்பவே தெரியும். பையைப் பாக்காம சட்டையைத் துவைப்பேனா?" என்றாள்.

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா கேக்கலை?"

"சாட்சி வாயாலயே வரட்டும்னுதான்."

தப்புதான், மன்னித்துவிடு என்றேன். தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்று வரை தீர்ப்பும் வரவில்லை, என் துணியும் துவைக்கப்படவில்லை.

ஆகவே மச்சான், மன்றத்தை விட்டு விலகச் சொல்லி நீயே அவளுக்கு எழுது. நான் சொன்னால் எடுபடாது. இப்படியே விட்டால் இன்னும் எதையெதையோ தோண்டுவாள். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் நாமிருவரும் காணாமல் போன கதையும் அவள் கைக்குப் போனால் உனக்கும் நல்லதில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களாவது எந்தச் சங்கத்திலும் சேராமல் நீண்ட நாள் நிம்மதியாக வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் அந்தச் செயலாளர் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். அடுத்த மாதம் கொலை வழக்காம், குற்றவாளி வேஷத்துக்கு என்னை விட்டால் ஆளில்லையாம். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆகையால் அக்காவுக்கு ஒன்றும் எழுதிவிடாதே. அரசுத் தரப்பில் வாதாடப் போவது அவள்தான். எனக்காக வாதாட உனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் யாராவது இருந்தால் உடனே சொல்.